டிராயரில் இருக்கும் மாத்திரை டப்பா: பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருந்துறை வட்டாரத்துப் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கும், யூனிட் மேனேஜர்களுக்கும், தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்களுக்கும்,

வணக்கமுங்க.

மாதவிலக்கு நாளில் வரும் வயிற்று வலியையும் இடுப்பு வலியையும் பற்றி எழுதுகிறேன். பொம்பளைங்க சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். டெய்லரிங்கில், செக்கிங்கில், கைமடியில், பேக்கிங்கில் பெண்கள் இல்லாமல் உங்கள் யூனிட் ஒரு நாள் ஓடாது. அவர்களில் யாருக்காவது ஒருத்திக்கு இன்றைக்கும் அந்த வலி இருக்கும். அவள் சூப்பர்வைசரிடம் சொல்லியிருப்பாள், அல்லது சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள். எக்ஸ்போர்ட் யூனிட் ஒன்றின் முதலுதவி அறையில் நர்ஸாகப் பல வருஷம் இருந்தவள் நான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அந்த ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமாக இருந்தால் நேரில் பேசித் தீர்த்திருப்பேன்.

முதலில் அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் மேஜையின் டிராயரில் டிரிம்மர், அளவு டேப், சாக்பீஸ் இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். உள்ளே அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட மாத்திரைகள். பேர் கிடையாது, எத்தனை மில்லிகிராம் என்பது கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. "வயித்து வலிங்கண்ணா" என்று ஒரு பெண் வந்து நின்றால் டப்பாவைத் திறந்து ஒன்று கொடுப்பார்கள். அவள் அங்கேயே தண்ணீரை ஊற்றி விழுங்கிவிட்டு மெஷினுக்குப் போய்விடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. அல்சர் உண்டா, வீசிங் உண்டா, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது அந்த அண்ணனுக்குத் தெரியவும் தெரியாது. அவர் கவலையெல்லாம் அந்த மணி நேரத்து டார்கெட்.

அதே லைனில் ஓர் ஊசி உடைந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, உடைந்த ஊசிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், கையெழுத்து எல்லாம் போட்ட பிறகுதான் புது ஊசி கைக்கு வரும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பண்டலையே மெட்டல் டிடெக்டரில் விட்டு எடுப்பீர்கள். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் ஊசி முனை போய்விடக் கூடாது என்ற அக்கறை நல்ல அக்கறைதான். நம் ஊர்ப் பெண்ணின் வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு ஒரு வரிப் பதிவு கூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இது புதிதாகக் கிளம்பிய புகாரும் இல்லை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் ஒரு செய்தி அறிக்கை வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்கு வேலை இடத்தில் பேர் போடாத மாத்திரை கொடுக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அப்போது கொஞ்ச நாள் பரபரப்பாக இருந்தது. அப்புறம் ஆர்டர், ஷிப்மெண்ட், கொரோனா என்று பேச்சு மாறிவிட்டது.

சரி, அந்த வலி என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். கர்ப்பப்பையின் பெரும்பகுதி தசையால் ஆனது. மாதவிலக்கு தொடங்கும்போது அதன் உள்சுவர் உரிகிறது. அந்தச் சுவரிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரந்து தசையை இறுக்கிப் பிழிய வைக்கிறது. இறுக்கம் கூடும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, வலி கிளம்புகிறது. சிலருக்கு இந்த ரசாயனம் அதிகமாகச் சுரக்கும், அவர்களுக்கு வலியும் அதிகம். அதே ரசாயனம் குடலையும் விடாது. அதனால்தான் வாந்தி, பேதி, தலைவலி எல்லாம் கூடவே வருகின்றன. கர்ப்பப்பையிலிருந்து போகும் நரம்புகளும் இடுப்பு, தொடைப் பக்கத்து நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேருவதால், வயிற்றில் பிறக்கிற வலி நடு இடுப்பில் தெரிகிறது. "இடுப்பு ரெண்டா ஒடியற மாதிரி இருக்குதுக்கா" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது நடிப்பு இல்லீங்க. பெரும்பாலும் உதிரம் தொடங்குவதற்குச் சற்று முன்போ தொடங்கிய உடனேயோ ஆரம்பித்து, ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்கிவிடும். அதாவது மாதத்தில் இரண்டு நாள்தான் கடினமான நாள். அந்த இரண்டு நாளைத்தான் பேசுகிறேன்.

மாத்திரையே தப்பு என்று நான் சொல்லவில்லை. இப்யூபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சென் வகை மாத்திரைகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே குறைக்கின்றன. இந்த வலிக்கு நல்ல மருந்துகள். "மாத்திரை போட்டா கர்ப்பப்பை சுருங்கிரும்" என்று அம்மா சொல்கிற பயத்தால் துடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பெண்களிடம், அப்படியெல்லாம் ஆகாது, தாராளமாகப் போடு என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வலி உச்சிக்குப் போகும்வரை பொறுத்துவிட்டுப் போட்டால் பாதிப் பலன்தான். லேசாகத் தொடங்கும்போதே போட வேண்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. நம் பெண்கள் காங்கயம், தாராபுரம், கோபி பக்கமிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். விடியும் முன்னே எழுந்து, சோறாக்கி, பிள்ளைக்கு டிபன் கட்டிவிட்டு, தான் ஒரு டம்ளர் டீயோடு வண்டி ஏறுகிறவர்கள். அந்த வயிற்றில் இந்த மாத்திரை விழுந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? பத்து மணி டீயோடு ஒரு பன்னோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியோ இறங்கிய பிறகு போடச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிஷம் போதும்.

அல்சர் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இந்த வகை மாத்திரையால் மூச்சுத் திணறல் வந்த ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள், டெங்கு சீசனில் காய்ச்சலோடு வருகிறவர்கள், இவர்களுக்கு இது ஆகாது. அதிலும் மெஃபனமிக் ஆசிட் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத பட்டியலில் இருக்கும் மருந்து. 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தியல் தர ஆணையமே அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டு என்று தொடங்கி உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடுமையான ஒவ்வாமை சிலருக்கு வரலாம் என்றது. அபூர்வம்தான். ஆனால் வந்தால், என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்கும்போது "வெள்ளை மாத்திரைங்க, சூப்பர்வைசர் அண்ணன் குடுத்தாரு" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன வைத்தியம் பார்ப்பார்?

இன்னொன்று. மெடிக்கலில் வயிற்று வலிக்கு என்று விற்கும் பல மாத்திரைகளில் மெஃபனமிக் ஆசிடோடு டைசைக்ளோமின் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அது வாயை வறட்டும், சிலருக்குத் தலை சுற்றும், கண் மங்கும். ஓவர்லாக் மெஷினில் கத்தி ஓடுகிறது, உங்களுக்குத் தெரியாததா! தலை சுற்றுகிற பெண்ணை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு, டார்கெட் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம்.

மாத்திரை இல்லாமல் முதலில் செய்யக்கூடியது சூடு. அடிவயிற்றிலும் கீழ் இடுப்பிலும் இதமான சூடு, அதாவது தொட்டால் கை பொறுக்கிற 40 டிகிரி அளவுக்கு, தொடர்ந்து வைத்திருந்தால் இறுகிய தசை தளர்ந்து வலி நன்றாகவே குறையும். இப்யூபுரோஃபெனுக்கு ஈடாகவே வேலை செய்ததாக ஆய்வுகளில் வந்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே சூட்டுக்குப் பஞ்சமில்லாத இடம் உங்கள் கம்பெனி. பாய்லர் ஓடுகிறது, அயர்னிங் டேபிளில் நாள் முழுக்க ஸ்டீம் அடிக்கிறது. எங்கள் யூனிட்டில் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கட்டிங் வேஸ்ட் துணியை நாலாக மடித்து அயர்ன் மாஸ்டரிடம் கொடுப்பார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் இரண்டு தேய்ப்புத் தேய்த்துத் திருப்பித் தருவார். அதைச் சுடிதார் டாப்புக்குள் அடிவயிற்றில் செருகிக்கொண்டு மெஷினில் போய் உட்காருவார்கள். ஆறினதும் மறுபடியும் வருவார்கள். அந்த மாஸ்டர் எந்த ட்ரெயினிங்கிலும் உட்காராதவர். ஆனாலும் அவர் கணக்கு சரி. என்ன, துணி ஈரமாக இருந்தால் ஆவி பட்டு வெந்துபோகும். ஒரு பெண்ணுக்குக் கொப்புளமே வந்தது. ரப்பர் ஹாட் வாட்டர் பேக் சில நூறு ரூபாய்தான். லைனுக்கு இரண்டு வாங்கி, உறை தைத்துப் போட்டு வைத்தால் போதும். உறை தைக்கவா நமக்கு ஆள் இல்லை?

அடுத்தது உட்காரும் ஸ்டூல். இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதுகுச் சாய்ப்பு இல்லாத பலகை ஸ்டூலில், கழுத்தைக் குனிந்து, வலது காலைப் பெடலில் அழுத்தியபடி ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம். சாதாரண நாளிலேயே இடுப்பு விட்டுப்போகும். மாதவிலக்கு நாளில் உள்ளிருந்து ஒரு வலி, வெளியிலிருந்து ஒரு வலி. பழைய டெய்லர் அக்காமார்களின் ஸ்டூலைப் பாருங்கள். வேஸ்ட் துணி அடைத்த சின்னத் தலையணை ஒன்று இருக்கும். கம்பெனி கொடுத்ததில்லை, அவர்களே செய்துகொண்டது. செக்கிங் பெண்களுக்கு அதுவும் இல்லை, நாள் முழுக்க நிற்க வேண்டும். நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார இடம் வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது. 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். துணி விற்கிற பெண்ணுக்கு நாற்காலி வந்துவிட்டது, துணியைச் செக் பண்ணுகிற பெண் இன்னும் நிற்கிறாள்.

சாய்ப்பு உள்ள, உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய நாற்காலி வாங்குங்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் முடியாது என்றால் லைனுக்கு நாலு என்று தொடங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று, இரு கையையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் வளைந்து நிமிர ஐந்து நிமிஷம் விடுங்கள். முதலுதவி அறையில் பெஞ்சுக்குப் பதில் ஒரு கட்டில் போடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டு 20 நிமிஷம் கிடந்தாலே பலருக்கு இடுப்பு விட்டுக் கொடுக்கும். அதற்குள் மாத்திரையும் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். எழுந்து போய் ஒழுங்காகத் தைப்பாள். வலியோடு தைத்த பீஸ் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வருவதை நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் மாதாமாதம் வரும் வலியே குறையும் என்பதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. இதை நான் லைன் பெண்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 12 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்காவது ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலங்களிலும் கேட்டுக்கு வெளியே நடந்துவிட்டு வர அனுமதி கொடுக்கலாமே?

வீட்டு வைத்தியத்தையும் விட்டுவிட முடியாது, விட்டால் எங்கள் அம்முச்சி கோபித்துக்கொள்வார். சுக்கு மல்லிக் காப்பி, கருப்பட்டி போட்ட இஞ்சித் தண்ணீர், வெந்தயத்தை மோரில் கலந்து குடிப்பது, உளுந்தங்களி. இஞ்சிக்குக் கொஞ்சம் ஆய்வு ஆதரவும் இருக்கிறது. சூடாக எதைக் குடித்தாலும் இதம்தான். கேன்டீனில் மாலை டீக்குப் பதில் சுக்குக் காப்பி கேட்பவர்களுக்குக் கொடுங்கள். ஆனால் துடிக்கிற பெண்ணிடம் கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

கழிப்பறைக்கு டோக்கன் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. டோக்கன் கேட்கக் கூச்சப்பட்டு, அந்த நாட்களில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி, சிறுநீர்த் தொற்று வருகிறது. அதற்கும் அடிவயிறு வலிக்கும், இடுப்பு வலிக்கும். எது மாதவிலக்கு வலி, எது தொற்று என்று அவளுக்கே புரியாமல் மாதாமாதம் அதே வெள்ளை மாத்திரை. அந்த டோக்கனை எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எல்லா வலியும் சாதாரண வலி இல்லை என்பதையும் லைனில் யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் வலி கூடிக்கொண்டே போனால், மாதவிலக்கு இல்லாத நாளிலும் வலித்தால், அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போனால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், காய்ச்சல் சேர்ந்துகொண்டால், மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் இரண்டு மூன்று மாதமாகக் கேட்கவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவர் மாதிரியான திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நார்க்கட்டியாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். டப்பா மாத்திரை வலியை மூடி வைத்துவிடும், நோய் உள்ளே வளரும். ரத்தசோகையும் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் லைனிலும் பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை முகாம் போடுகிறீர்கள் அல்லவா, அதோடு ஹீமோகுளோபினும் பாருங்கள்.

லீவு விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துக் கர்நாடகத்தில் 2025 அக்டோபரில் மாதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு மாதவிலக்கு விடுப்பு என்று அமைச்சரவை முடிவெடுத்தது, தனியார் கம்பெனிகளையும் சேர்த்து. நல்லதுதான். நம் பக்கம் வந்தாலும் வரவேற்பேன். ஆனால் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வேலை செய்யும் பெண்ணுக்கு லீவு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்று அர்த்தம். இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருக்கிறதே என்பீர்கள். இஎஸ்ஐ நோய்க்காலப் பணம் சாதாரணமாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது, அதற்குப் பிறகுதான் 70 சதவீதம். இந்த வலியே இரண்டு நாளில் முடிகிற வலி! ஆக, சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கம் புரட்டினாலும் இவளுக்கு ஒன்றும் இல்லை. சட்டம் வருகிறபோது வரட்டும். உங்கள் கையிலேயே ஒன்று இருக்கிறது: அட்டெண்டன்ஸ் போனஸ். மாதத்தில் இந்த ஒரு நாள் லீவுக்கு அதைப் பிடிக்காதீர்கள். அந்த போனஸ் போய்விடும் என்றுதான் நிறையப் பேர் வலியோடு வண்டி ஏறுகிறார்கள்.

நாப்கின் பேச்சை ஊருக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போனவரே நம் கோவைக்காரர்தான். மலிவு விலை நாப்கின் மெஷினைக் கண்டுபிடித்த அருணாசலம் முருகானந்தத்துக்கு 2016இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைக் கூட்டி வந்து மகளிர் தினத்துக்கு மாலை போட ஆசைப்படுகிற கம்பெனிகள் இருக்கும். போடுங்கள். கூடவே, அந்த டிராயரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

செலவாகும் என்று தயங்குகிற சின்ன ஜாப் ஒர்க் யூனிட்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். பத்து மெஷின் வைத்திருப்பவரை நர்ஸ் போடச் சொல்லவில்லை. ஒரே சந்தில் இருக்கும் நாலைந்து யூனிட்கள் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு லேடி டாக்டரை வரவழைக்கலாம். அவர் ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகப் பேசி, யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை, யாருக்குக் கூடவே கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாத்திரை அட்டையோடு இருக்கட்டும். கொடுப்பது முதலுதவிப் பயிற்சி எடுத்த ஒரு பெண்ணாக இருக்கட்டும், சூப்பர்வைசர் வேண்டாம். ஊசிப் பதிவேடு மாதிரியே ஒரு நோட்டு: தேதி, பேர், மாத்திரை, சாப்பிட்டாளா, கையெழுத்து. முதலுதவிப் பெட்டியில் விதித்த பொருட்களைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்பதும் அந்த 1948 சட்டத்திலேயே இருந்ததுதான். அதனால் இந்த மாத்திரைகளைத் தனியாக ஒரு பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

பெட்டி மேல் ஒட்டுவதற்கு, யாருக்கு ஆகாது, எப்படிச் சாப்பிட வேண்டும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்குத் தருகிறேன். உங்கள் லைனில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வயிற்றைத் தொட்டுக் காட்டுவதற்கு மேல் அவர்களுக்கு நம் பாஷை வராது. இந்தியிலும் ஒடியாவிலும் அதை எழுதித் தர ஹாஸ்டலிலேயே படித்த பிள்ளைகள் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய ஃபேக்டரி நர்ஸ் ஒருத்தி
திருப்பூர்